லேமினேஷன் போட்ட பட்டம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் கோல்டு மெடல். நேரில் "மாமா" என்றுதான் கூப்பிடுவேன். மரியாதை தெரிந்த குடும்பம். ஆனால் என் வீட்டுக்காரரிடமும், சலவைக் கடையில் என்னோடு இஸ்திரி போடும் பெண்ணிடமும், எனக்குள்ளேயும் அவர் கோல்டு மெடல்தான். பெயருக்குக் காரணம் அவரேதான். முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா தண்ணீர் டம்ளரை நீட்டினார். அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "நான் காலேஜ்ல கோல்டு மெடல்" என்றார். யாரும் கேட்கவில்லை.

சிவில் இன்ஜினியரிங். அந்த வருஷம் அந்தக் காலேஜில் அந்தப் பிரிவில் படித்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம் என்பது பிற்பாடு தெரிந்தது. அதற்காக மெடலை மெடல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. படித்தார், வாங்கினார், ஒரு கட்டுமானக் கம்பெனியில் படிப்படியாக ஏறினார். வெயிலில் நின்ற வருஷங்கள் கொஞ்சம், ஏசி அறையில் கையெழுத்துப் போட்ட வருஷங்கள் நிறைய. கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வாய் ஒன்றுதான் அடங்காது.

அக்காவும் சிவில்தான் படித்தாள். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தாள். "இன்ஜினியர் பொண்டாட்டி வெறும் டிப்ளமோவ வச்சுக்கிட்டு வேலைக்குப் போனா நல்லாவா இருக்கும்?" என்று மாப்பிள்ளை வீட்டில் இழுத்தார்கள். அக்கா வேலையை விட்டாள். சர்டிபிகேட்டை மட்டும் சுருட்டி, துணிக்கடை பிளாஸ்டிக் பையில் போட்டு, புடவைகளுக்கு அடியில் செருகி வைத்தாள். கோல்டு மெடல் அவளைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் என்ன தெரியுமா? டிப்ளமோ. "டிப்ளமோ, டீ எங்க?" "டிப்ளமோ, என் கண்ணாடியப் பாத்தியா?" செல்லம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா சிரித்து வைப்பாள். நான்தான் பல்லைக் கடிப்பேன்.

அவருடைய பட்டம் வளர்ந்த கதையே வேறு. பட்டமளிப்பு விழா முடிந்த வாரமே அவருடைய அப்பா அதைக் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டார். கோல்டு மெடல் என்று கேட்டதும் கடைக்காரர் இருப்பதிலேயே கனமான பிளாஸ்டிக்கை எடுத்துப் போட்டாராம். கையில் வாங்கினால் சின்ன கட்டிங் போர்டு மாதிரி இருக்கும், வெங்காயம் நறுக்கலாம். மார்க் ஷீட், நன்னடத்தைச் சான்றிதழ், பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியதற்கான தாள், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் கவசம். வீட்டுக்கு யார் வந்தாலும் பட்டத்தை எடுத்து மேஜை மேல் வைத்து, டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றிக் காட்டுவார். "பாத்தீங்களா? ஒண்ணும் ஆகாது. ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்." அக்கா பின்னாலேயே துணியோடு வந்து மேஜையைத் துடைப்பாள்.

இந்த நாட்டுக்கு அவர்களை வரவழைத்ததும் அந்தப் பட்டம்தான். குடியேற விண்ணப்பிக்கும்போது படிப்புக்கு நிறைய புள்ளிகள் கிடைத்தன. விசா கொடுத்தவர்கள் அவரை இன்ஜினியர் என்று நம்பித்தான் கூப்பிட்டார்கள். வந்து இறங்கிய பிறகு வேலை கொடுப்பவர்கள், "அப்படியா, எங்கே நிரூபியுங்கள்" என்றார்கள். கூப்பிட்டவர் ஒருத்தர், இலை போட வேண்டியவர் இன்னொருத்தர். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எனக்கு இது புதிதில்லை. நான் சரித்திரத்தில் எம்.ஏ. பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தபோது அதை ரெஸ்யூமில் முதல் வரியாகப் போட்டேன், ஒரு கடையிலும் கூப்பிடவில்லை. எடுத்துவிட்டு "சுறுசுறுப்பானவள், நின்றுகொண்டே வேலை செய்ய முடியும்" என்று எழுதினேன். அடுத்த வாரமே சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இதை நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். ஆனால் அந்த ஒரு வரியை அழித்த அன்றைக்கு குளியலறைக்குள் போய் அழுதேன், அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டு மாடி அறையில்தான் அவர்கள் இருந்தார்கள். வந்த முதல் வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் என்னிடம் கேட்டாள்.

"ஏன்டி, இங்க என்னோட டிப்ளமோவுக்கு எங்கயாவது வேலை இருக்குமா?"

மாடிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தண்ணீரைத் திறந்துவிட்டுக் கேட்கிறாள்! "இருக்கும்க்கா. இல்லாட்டி நான் உண்டாக்கறேன்" என்றேன். வாய்ச்சவடால்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: அவள் மறுபடி உட்கார்ந்து படம் வரைய வேண்டும்.

முதலில் கோல்டு மெடலுக்கு வேலை தேடியாக வேண்டுமே. வேலை வாய்ப்பு மையத்துக்கு மூன்று பேரும் போனோம். பேச்சுத் துணைக்கு நான், கூட வர அக்கா. அங்கே ஒரு ஆலோசகி. சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, காதில் ஒரு பென்சில், முகம் நிறையச் சிரிப்பு. கோல்டு மெடல் தன் ரெஸ்யூமை அவள் முன்னால் வைத்தார். ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் போட்டோ. ஸ்டுடியோக்காரர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மாட்டிவிடும் கோட்டில் கோல்டு மெடல், தோள் இரண்டும் அவருடையது இல்லை. கீழே அப்பா பெயர், அப்பா செய்த தொழில், பிறந்த தேதி, ரத்த வகை, திருமணம் ஆனவர். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மார்க்கும். பொழுதுபோக்கு: நல்ல புத்தகங்கள் படித்தல், நல்லவர்களோடு பழகுதல். கடைசிப் பக்கத்தில், மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என இதன் மூலம் உறுதி கூறுகிறேன், கையெழுத்து, இடம், தேதி.

ஆலோசகி புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "உங்கள் அப்பாவும் வேலை தேடுகிறாரா?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள், கிண்டல் இல்லை. நான் இருமலை வரவழைத்துக்கொண்டேன்.

காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். போட்டோ போயிற்று. அப்பா போனார். ரத்தம் போனது. "எழுபத்தெட்டு சதவீதம்" என்ற இடத்தில் பென்சில் நின்றது. "இதையும் எடுத்துவிடலாம். இங்கே பார்ப்பவர்களுக்கு சுமாராகப் படித்தவர் போலத் தெரியும்."

"மேடம், அது கோல்டு மெடல் மார்க்!"

"அப்படியா?" என்றாள் அவள் இரக்கத்தோடு. அந்த இரக்கம்தான் மனிதரைக் கொன்றது. பிறகு, "நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பதவி வேண்டாம், செயல் வேண்டும். நீங்கள் கட்டியது என்ன?" என்று கேட்டாள்.

"நான் எங்க கட்டினேன்? கட்டச் சொன்னேன்."

"சொன்னது சரி. செய்தது?"

கோல்டு மெடல் ரொம்ப நேரம் யோசித்தார். "கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

கடைசியில் அந்த ஒன்பது பக்கத்தில் மிச்சம் நின்றது அவர் பெயரும் போன் நம்பரும்தான். போன் நம்பரிலும் நாட்டுக் குறியீடு தப்பு.

ஆலோசகி அக்கா பக்கம் திரும்பி, "நீங்கள்?" என்றாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் கோல்டு மெடல், "அவங்க வீட்டைப் பாத்துக்கறாங்க" என்று முடித்துவிட்டார். நான் விடுவேனா? "சிவில் டிப்ளமோ. மூணு வருஷம். பிளான் வரையத் தெரியும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஆலோசகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீடுகளை இடித்துக் கட்ட, கூடுதல் அறை எடுக்க வரைபடம் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ்கள் இந்த ஊரில் நிறைய உண்டாம். பெரிய பட்டதாரிகள் அந்த வேலைக்கு வருவதில்லையாம். டிப்ளமோக்காரர்களைத்தான் தேடுகிறார்களாம். ஆனால் யாராக இருந்தாலும் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பீட்டு அலுவலகத்தில் காட்டி, "இது இங்கத்திய இன்ன படிப்புக்குச் சமம்" என்று கடிதம் வாங்கி வர வேண்டும். அந்த வரி ரெஸ்யூமில் இல்லாமல் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடிதம் வரும் வரை இங்கேயே நடக்கும் கம்ப்யூட்டர் வரைபட வகுப்பில் சேரலாம் என்றும் சொன்னாள்.

வெளியே வந்ததும் கோல்டு மெடல் சொன்னார்: "என்னோடத முதல்ல காட்டுவோம். டிப்ளமோவுக்கெல்லாம் எதுக்கு வீண் அலைச்சல்?"

"அலையறது நான்தானே மாமா? உங்களுக்கென்ன கால் வலி?" என்றேன்.

"இவ வாய் இருக்கே..." என்று அக்காவிடம் முறையிட்டார். அக்கா பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அடுத்த நாளே வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாள்.

மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போன அன்று கோல்டு மெடல் அந்த ஸ்டுடியோ கோட்டுக்கு அண்ணன் மாதிரி ஒரு கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அக்கா துணிக்கடைப் பையைக் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள். கவுண்டரில் இருந்தவர் நரைத்த தாடிக்காரர், அவசரமே இல்லாத ஆள். கோல்டு மெடல் பட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். தாடிக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. சாய்த்துப் பார்த்தார், விளக்கு அதில் பளபளத்ததே தவிர எழுத்து தெரியவில்லை. கட்டைவிரலால் மூலையைத் தடவினார்.

"இதில் பல்கலைக்கழக முத்திரை மேடாக இருக்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நசுக்கிவிட்டது. அதோடு, பார்த்துவிட்டேன் என்று நான் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும். பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது. அசல் தாள் வேண்டும்."

"இதுதான் சார் அசல்! உள்ள இருக்கு!"

"உள்ளே இருப்பது என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி ஊத்திப் பாருங்க, ஒண்ணும் ஆகாது!" என்றார் கோல்டு மெடல். பதற்றத்தில் சுற்றுமுற்றும் தண்ணீரைத் தேடவும் ஆரம்பித்துவிட்டார். தாடிக்காரர் தன் காபிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "உங்கள் பக்கத்திலிருந்து வருபவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் கொண்டு வருகிறார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்வது? மதிக்கிற எதையும் மூச்சு முட்ட மூடித்தான் எங்களுக்குப் பழக்கம். டிவி ரிமோட்டுக்கே உறை போடுகிற ஜாதி நாங்கள்.

"அடுத்து?" என்றார் அவர்.

நான் அக்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அவள் சுருளை வெளியே எடுத்தாள். சுருட்டியே கிடந்ததால் விரிக்க விரிக்க மறுபடி சுருண்டுகொண்டது. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மஞ்சளடித்த தாள். ஒரு மூலையில் டீ டம்ளர் வட்டம். யாரோ, எப்போதோ இது வெளியே கிடந்தபோது, மேஜைத் தாள் என்று நினைத்து டம்ளரை வைத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். தாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முத்திரையைத் தடவினார். மேடு இருந்தது. திருப்பிப் போட்டு, பின்னால் பட்டென்று ஒரு குத்து. "இது செல்லும். கடிதம் வீட்டுக்கு வரும்" என்றார்.

திரும்பி வரும் வழி முழுக்க கோல்டு மெடல் பட்டத்தை மடியில் வைத்து மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். இஸ்திரிக் கடையில் வேலை பார்க்கிற எனக்கு வெப்பம் என்றால் என்ன என்று தெரியும். அவரிடமிருந்து வந்துகொண்டிருந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சமையலறை மேஜையில் ஒரு துண்டை விரித்துவிட்டு, என் இஸ்திரிப் பெட்டியைக் கேட்டார். வீடியோ பார்த்திருக்கிறாராம். மெல்லிய சூட்டில் தேய்த்தால் பிளாஸ்டிக் இளகும், ஓரத்திலிருந்து உரித்தால் தாள் தனியே வந்துவிடும்.

"வேணாம் மாமா. ஊர்ல உங்க அண்ணன்கிட்ட சொல்லி வேற காப்பி வாங்கலாம்" என்றேன்.

"நான் இன்ஜினியர்மா. மெட்டீரியல் பத்தி எனக்குத் தெரியாதா?"

இதற்கு மேல் என்ன சொல்ல? என் வீட்டுக்காரர், "சகலை, ஆறுதல் பரிசு தாளை முதல்ல உரிச்சுப் பாருங்களேன்" என்றார். நல்ல யோசனைதான். கோல்டு மெடலுக்கு அது கேவலமாகப் பட்டது. நேரே பட்டத்தில் கை வைத்தார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பிளாஸ்டிக் குமிழ் விட்டது. ஒரு மூலை எழுந்தது. "வருது, வருது!" என்று குதித்தார். வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. அவர் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், துணைவேந்தரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து எழுந்து போய்விட்டன. கீழே தாள் வெள்ளை வெளேரென்று பஞ்சு பஞ்சாகக் கிடந்தது. பிளாஸ்டிக்கைத் தூக்கி, உரிந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடியது. கண்ணாடி முன்னால் கொண்டுபோய்க் காட்டினால் மட்டும் அவர் இன்ஜினியர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டேன். மூடிவிட்டுத் திரும்பியபோது அவரைப் பார்த்தேன். அந்தப் பஞ்சுத் தாளை உள்ளங்கையால் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார், நீவினால் எழுத்து வந்துவிடும் என்பது போல. சிரித்த எனக்கே பாவமாகப் போய்விட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா வந்து இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை உருவினாள். "விடுங்க" என்றாள்.

அக்காவுக்குக் கடிதம் வந்தது. இரண்டு வருஷ உள்ளூர் டிப்ளமோவுக்குச் சமம். மூன்று வருஷம் படித்ததை இரண்டாகக் குறைத்துவிட்டார்களே என்று நான் குதித்தேன். அக்கா, "இருக்கட்டும்டி, இருக்குன்னாவது சொன்னாங்களே" என்றாள். ஆலோசகியோடு உட்கார்ந்து ரெஸ்யூம் எழுதினோம். அரைப் பக்கம். படிப்பு ஒரு வரி, அது எதற்குச் சமம் என்று அடுத்த வரி, காண்ட்ராக்டர் ஆபீசில் வரைந்த இரண்டு வருஷம், புதிதாகப் படித்த கம்ப்யூட்டர் வகுப்பு. நடுவில் பதினைந்து வருஷம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே என்ன எழுதலாம் என்று ஆலோசகி கேட்டாள். அக்கா சங்கடத்தோடு, "குடும்பம்னு போட்டுக்குங்க" என்றாள். ஆலோசகி அப்படியே போட்டாள். ஒரே ஒரு வார்த்தை. நான் என் எம்.ஏ.வை அழித்தபோது கூட அவ்வளவு வலிக்கவில்லை.

ஒரு வரைபட ஆபீசில் கூப்பிட்டார்கள். மூன்று மேஜை, ஒரு பிரிண்டர், வாயில் எப்போதும் மிட்டாய் வைத்திருக்கும் வழுக்கைத்தலை முதலாளி. ஒரு பழைய வீட்டின் அளவுகளைக் கொடுத்து வரையச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு ஆரம்பத்தில் மவுஸ் கையில் நிற்கவே இல்லையாம். கதவு ஒன்றைத் தப்பான பக்கம் திறக்க வைத்துவிட்டு, அழித்து, திருத்திக் காட்டினாளாம். "தப்பு செய்கிறீர்கள், ஆனால் திருத்திவிட்டுச் சொல்கிறீர்கள். திங்கட்கிழமை வாருங்கள்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கோல்டு மெடல் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"சரின்னு சொல்லிட்டியா? என்னை ஒரு வார்த்தை கேக்காம?"

"கேட்டிருந்தா?" என்றாள் அக்கா.

அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். திங்கட்கிழமை காலையில் என் நல்ல கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை திரும்பும் வரை நான் ஜன்னலில் நின்றேன். சந்தோஷத்தில் அன்று கடைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

கோல்டு மெடல் ஒரு கிடங்கில் சேர்ந்தார். பளபளக்கும் மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு பெட்டிகளின் பார்கோடை மின்கருவியால் வாசிக்கும் வேலை. அதற்கு ரெஸ்யூமே கேட்கவில்லை, "குனிய முடியுமா?" என்று கேட்டார்களாம். "தற்காலிகம்தான். என் பட்டம் வரட்டும்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பட்டம் வர வேண்டுமானால் ஊரில் அவர் அண்ணன் பல்கலைக்கழகத்துக்கு அலைய வேண்டும். அங்கேயோ, பழையது தொலைந்தால்தான் புதியது தருவோம், உரித்ததற்கெல்லாம் விதி இல்லை என்றுவிட்டார்கள். ஆகவே கோல்டு மெடல் தன் கையால் எழுதிக் கொடுத்தார்: பேருந்தில் பயணம் செய்யும்போது அசல் பட்டம் தொலைந்துவிட்டது, மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன். ரத்த வகையைக்கூட மறைக்காத மனிதர். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மாசக்கணக்கில் ஆனது. கடைசியில் புதுத் தாள் வந்தது, தலையில் "இரண்டாம் படி" என்ற அச்சோடு. முத்திரை மேடாக இருந்தது. எங்கள் எல்லாரையும் தடவிப் பார்க்கச் சொன்னார். மதிப்பீட்டுக்கு அனுப்பினார். அவர் நடை கூட மாறிவிட்டது. கிடங்கிலிருந்து வந்ததும் மஞ்சள் மேலாடையைக் கழற்றி எறிவதில் ஒரு அலட்சியம். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் பின்னால் நின்று, "என்ன டிப்ளமோ, படிக்கட்டு அகலம் பத்துமா?" என்பார். பத்தும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் மாடிக் கூடத்தில் நாங்கள் நாலு பேரும் இருக்கும்போது கடிதம் வந்தது. பட்டமும் கூடவே திரும்பி வந்திருந்தது. அவரே சத்தமாக வாசித்தார். அவர் படித்த வருஷத்தில் அந்தக் காலேஜ் பாடத்திட்டம் இன்னின்ன காரணத்தால் முழுப் பட்டமாகக் கொள்ளத்தக்கதல்ல, ஆகவே... வாசிப்பு மெதுவாகிவிட்டது. "ஆகவே, இது இரண்டு வருஷ உள்ளூர் டிப்ளமோவுக்குச் சமம்."

ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இங்கே படுக்க வைத்ததே அவர்கள்தான், அளந்ததும் அவர்களே. எனக்கு அந்த அலுவலகத்தின் மேல் கோபம் வந்தது, நிஜமாகவே. நாலு வருஷம் படித்தவன் படிப்பை அளக்க இவர்கள் யார்? அதே நேரத்தில் உள்ளுக்குள் ஒரு பிசாசு கை தட்டியது. இரண்டும் என்னுடையதுதான்.

என் வீட்டுக்காரருக்குச் சமயம் சந்தர்ப்பம் தெரியாது. அக்காவின் பழைய கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்து, "சகலை, ரெண்டும் ஒரே லெட்டர்தான். பேரை மட்டும் மாத்தி ஜெராக்ஸ் எடுத்திருப்பாங்களோ?" என்றார். நான் காலை மிதித்தேன்.

கோல்டு மெடல் கடிதத்தை மடித்துத் தள்ளி வைத்தார். பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முத்திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இங்க பக்கத்துல லேமினேஷன் கடை எங்க இருக்கு? இதையாவது பத்திரமா..."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக்கூட வரவில்லை. அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவினாள், துண்டில் நன்றாகத் துடைத்தாள், வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"குடுங்க."

கொடுத்தார். அவள் அதை மடிப்பு விழாமல் சுருட்டினாள். அவர்கள் அறைக் கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது: அலமாரியைத் திறந்தாள், புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தத் துணிக்கடைப் பையை இழுத்தாள், தன்னுடையது கிடந்த அதே பையில் அவருடையதையும் செருகினாள்.

"என்னோடது பதினஞ்சு வருஷம் இந்தப் பையிலதான் கிடந்துச்சு" என்றாள், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. "ஒண்ணும் ஆகல. உங்களோடதும் இங்கயே கிடக்கட்டும்."

அலமாரிக் கதவைச் சாத்தினாள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய வரைபடம் ஒன்று பாக்கி இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.